ப்ரோக்கலியைப் பார்த்தோம், மெடிக்கெய்டைக் கோட்டை விட்டோம்

"எல்லாரும் இன்சூரன்ஸ் எடுத்தே ஆகணும்னு சொல்றது தனிமனித சுதந்திரத்துக்கு எதிரானது, அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒபாமாகேர் வழக்குல அப்படித்தான் சொல்லியிருக்கு"ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்திக்கிட்டு இருக்கு. டாக்டர்கள் குரூப்லயே வருது. நீதிமன்றம் அப்படிச் சொல்லவே இல்லை மக்களே. என்ன சொன்னது, அது யார் தலையில் விடிஞ்சது என்று ஒரு நீண்ட இழை. பொறுமையா படிங்க.

2010 மார்ச் 23 அன்று ஒபாமா அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மை காயறதுக்குள்ள, அதே நாளில் ஃப்ளோரிடா தலைமையில் 13 மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. போகப் போக அது 26 மாநிலங்கள் ஆச்சு.

சட்டத்துல என்ன இருந்தது? அதுவரைக்கும் அமெரிக்காவுல தனியா இன்சூரன்ஸ் வாங்கப் போனா, முதல் கேள்வியே "உங்களுக்கு ஏற்கெனவே என்ன நோய் இருக்கு?" என்பதுதான். சர்க்கரை நோய், மார்பகப் புற்றுநோய் வந்து குணமானவர், ஆஸ்துமா... எதுவா இருந்தாலும் "மன்னிக்கணும்" என்று கதவைச் சாத்தலாம், அல்லது கட்டவே முடியாத பிரீமியம் சொல்லலாம். யாருக்கு அதிகம் தேவையோ அவங்களுக்குத்தான் கிடைக்காது. 2014-லிருந்து இது செல்லாது, நோயைக் காரணம் காட்டி மறுக்கவும் கூடாது, அதிகம் வசூலிக்கவும் கூடாது என்றது சட்டம்.

நல்ல விஷயம்தானே? ஆனா அதை மட்டும் சொல்லி விட்டுட்டா என்ன ஆகும் தெரியுமா? நோய் வர்ற வரைக்கும் யாரும் வாங்க மாட்டாங்க. வந்தப்புறம் எல்லாரும் வாங்குவாங்க. வீடு பத்திக்கிட்டு எரியும்போது ஃபயர் இன்சூரன்ஸ் எடுக்கிற கதை. பிரீமியம் ஏறும், ஏற ஏற ஆரோக்கியமானவங்க கழண்டுக்குவாங்க, மறுபடி ஏறும். இது கற்பனை இல்லை. 1990-களில் நியூயார்க் மாதிரி சில மாநிலங்கள் "மறுக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிப் பார்த்துச் சூடுபட்டுக்கொண்டன. அதனால்தான் "எல்லாரும் எடுக்கணும், எடுக்காட்டி அபராதம்" என்ற விதி. 2016 நிலவரப்படி ஒருவருக்கு 695 டாலர் அல்லது வருமானத்தில் 2.5 சதவீதம், இதில் எது அதிகமோ அது.

இதுல ஒரு வேடிக்கை. இந்தக் கட்டாய இன்சூரன்ஸ் இடதுசாரிகள் யோசனையே கிடையாது. 1989-ல் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்கிற பழமைவாத அமைப்பு முன்வைத்தது. 2006-ல் மாசசூசெட்ஸில் அதை நடைமுறைப்படுத்தியவர் ரிபப்ளிகன் கட்சி கவர்னர் மிட் ராம்னி. அப்போதெல்லாம் அது "பொறுப்புள்ள குடிமகன்" திட்டம். ஒபாமா எடுத்துக்கிட்டதும் அரசியல் சாசனத்துக்கே ஆபத்து ஆகிடுச்சு.

ஃபார்வர்டு போடுறவங்க கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மாசசூசெட்ஸ் கட்டாயப்படுத்தலாமா என்று யாரும் இந்த வழக்கில் கேட்கலை. மாநிலம் செய்தா செல்லும் என்பதை எதிர்த்தரப்பே மறுக்கலை. கேள்வி, அதை வாஷிங்டன் செய்யலாமா என்பது மட்டும்தான். அதாவது இது மத்திய அரசின் அதிகார வரம்பு பற்றிய வழக்கு. உங்க சுதந்திரம் பற்றிய வழக்கு இல்லை.

அமெரிக்க மத்திய அரசுக்கு மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இருக்கு. இதை உச்ச நீதிமன்றம் எவ்வளவு தூரம் இழுத்திருக்குன்னா, 1942-ல் ஒரு விவசாயி தன் வீட்டுத் தேவைக்கு விளைவித்த கோதுமையைக்கூட மத்திய அரசு கட்டுப்படுத்தலாம்னு சொன்னாங்க. 2005-ல் கலிஃபோர்னியாவில் வைத்தியத்துக்காக வீட்டில் வளர்த்த கஞ்சாவும் அதே கணக்கில் வந்தது. அந்தத் தீர்ப்புக்கு ஆதரவா எழுதினவங்கள்ல ஒருத்தர் நீதிபதி ஸ்காலியா. வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற கஞ்சாச் செடி வர்த்தகம், ஆனா நாட்டோட மிகப் பெரிய தொழில்களில் ஒன்றான மருத்துவம் வர்த்தகம் இல்லையா?

அதே ஸ்காலியாதான் 2012 மார்ச் மாத விசாரணையில் அந்தப் பிரபலமான கேள்வியைக் கேட்டார். எல்லாரும் ஒருநாள் மருத்துவம் பார்ப்பாங்க, அதனால இன்சூரன்ஸ் எடுன்னா, எல்லாரும் சாப்பிடவும்தானே செய்றாங்க, நாளைக்கு ப்ரோக்கலி வாங்குன்னு கட்டாயப்படுத்துவீங்களா? நாடு முழுக்க இதே பேச்சு. டிவி, கார்ட்டூன், காமெடி ஷோ எல்லாத்துலயும் ப்ரோக்கலி.

ஒரு டாக்டரா இதுக்கு என் பதில். ப்ரோக்கலி இல்லாம நடுரோட்டுல மயங்கி விழுந்தவரை நான் பார்த்ததில்லை. விழுந்தவருக்குக் காசு வாங்காம ப்ரோக்கலி கொடுத்தே ஆகணும்னு எந்தச் சட்டமும் கடைக்காரரைச் சொல்லலை. மருத்துவமனையைச் சொல்லுது. 1986-ல் ரீகன் கையெழுத்திட்ட சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வர்றவரைக் காசு இருக்கா என்று பார்க்காம பரிசோதிக்கணும், ஆபத்து நீங்குற வரைக்கும் சிகிச்சை கொடுக்கணும். அந்தச் செலவு ஆகாசத்துல இருந்து வராது. 2008-ல் மட்டும் இப்படிக் கட்டப்படாத சிகிச்சைச் செலவு 4,300 கோடி டாலர் என்றும், அது இன்சூரன்ஸ் வைத்திருக்கும் குடும்பத்தின் பிரீமியத்தில் வருஷத்துக்கு 1,000 டாலருக்கு மேல் ஏறுகிறது என்றும் நாடாளுமன்றம் சட்டத்திலேயே எழுதி வைத்தது. "நான் எந்த வர்த்தகத்திலும் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்பவர், உண்மையில் பக்கத்து வீட்டுக்காரர் செலவில் உட்கார்ந்திருக்கிறார்.

இதைவிடப் பெரிய கூத்து ஒண்ணு இருக்கு. எல்லாரிடமும் வரி வாங்கி அரசாங்கமே இன்சூரன்ஸ் கொடுத்திருந்தா இந்த வழக்குக்கே வேலை இல்லை. 65 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு மெடிகேர் அப்படித்தான் 1965-லிருந்து நடக்குது, சம்பளத்தில் பிடிக்கிறாங்க, யாரும் அரசியல் சாசனம் பேசறதில்லை. 1798-லேயே கப்பல் மாலுமிகள் சம்பளத்தில் மாசம் 20 சென்ட் பிடிச்சு அவங்களுக்கு ஆஸ்பத்திரி நடத்தின நாடு அது. ஒபாமா செய்தது என்னன்னா, தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகளை நோகடிக்க வேண்டாம், அவங்ககிட்டயே மக்களை அனுப்புவோம் என்று வளைஞ்சு கொடுத்தார். அந்த வளைவில்தான் கோர்ட் பிடிச்சுது. முழு அரசுத் திட்டமா இருந்தா செல்லும், தனியாருக்கு வழிவிட்டா செல்லாது. இதுக்குப் பேர் சுதந்திரச் சந்தையைக் காப்பாத்துறதாம்!

2012 ஜூன் 28. தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினது. முதல் சில பக்கங்களை மட்டும் படிச்சுட்டு சிஎன்என், ஃபாக்ஸ் ரெண்டு பேருமே "கட்டாய இன்சூரன்ஸ் ரத்து" என்று பிளாஷ் போட்டாங்க. ஏன்னா வர்த்தக அதிகாரத்தில் இது வராது என்றுதான் ராபர்ட்ஸ் ஆரம்பிச்சார். இன்னும் கொஞ்சம் புரட்டினா, ஆனால் இது வரி, வரி போடும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு, அதனால் செல்லும் என்கிறார். 5-க்கு 4. சட்டத்தில் எழுதியிருப்பது "அபராதம்". இந்த வழக்கை இப்போதே விசாரிக்கலாமா என்ற கேள்விக்கு அது வரி இல்லை. செல்லுமா என்ற கேள்விக்கு அது வரி. ஒரே தீர்ப்பில் ரெண்டும். மற்ற நான்கு பேர், ஸ்காலியா, கென்னடி, தாமஸ், அலிட்டோ, சட்டம் மொத்தத்தையுமே தூக்கிப் போடணும்னு எழுதினாங்க.

எங்க பார்த்தாலும் கொண்டாட்டம். ஒபாமாகேர் பிழைச்சுது, ராபர்ட்ஸ் காப்பாத்திட்டார்னு தலையங்கம். சட்டத்தின் இன்னொரு பாதியை அதே தீர்ப்பு ஒடித்துப் போட்டது, அது நிறைய பேர் கண்ணில் படவே இல்லை.

மெடிக்கெய்டு என்பது ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும். ஆனா ஏழையா இருந்தா மட்டும் போதாது. குழந்தை, கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி, கையில் குழந்தையோடு இருக்கும் பெற்றோர்... இப்படி ஒரு பெட்டிக்குள் அடங்கணும். புதுச் சட்டம் அந்தப் பெட்டிகளை உடைத்தது. வறுமைக்கோட்டின் 138 சதவீதத்துக்குள் வருமானம் இருக்கிற 65 வயதுக்குட்பட்ட எல்லாரும் உள்ளே வரலாம் என்றது. செலவு? முதல் மூணு வருஷம் முழுசா மத்திய அரசு. பிறகு படிப்படியா குறைஞ்சு, 2020-லிருந்து 90 சதவீதம் மத்திய அரசு, 10 சதவீதம் மாநிலம். சேராத மாநிலம், இருக்கிற மெடிக்கெய்டு பணத்தையும் இழக்க நேரிடலாம்.

இங்கேதான் ராபர்ட்ஸ், இது மாநிலத்தின் தலையில் துப்பாக்கி வைக்கிற மாதிரி என்றார். சேர்றதும் சேராததும் மாநிலத்தின் இஷ்டம், பழைய பணத்தில் கை வைக்கக் கூடாது. இது 5-க்கு 4 கூட இல்லை. மிரட்டல்தான் என்று 7 பேர் சொன்னாங்க. லிபரல் நீதிபதிகள் பிரேயர், கேகன் ரெண்டு பேரும் அந்தப் பக்கம். கின்ஸ்பர்க், சோட்டோமயோர் மட்டும் எதிர்த்தாங்க.

நம்ம ஆளுங்களுக்கு இந்தத் தீர்ப்பு இனிக்கும்னு தெரியும். மாநில சுயாட்சி பேசி வளர்ந்த ஊர். பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடலைன்னு, தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வெச்சப்ப நமக்கெல்லாம் எப்படி எரிஞ்சுது? ராபர்ட்ஸ் சொன்ன கொள்கை அப்படியே நமக்குப் பொருந்துதேன்னு தோணும்.

கொள்கையோட எனக்குச் சண்டை இல்லை. அதை ஒட்ட வெச்ச இடத்தோடதான் சண்டை. ஒரு திட்டத்தில் சேரலைன்னு சம்பந்தமில்லாத இன்னொரு திட்டத்தின் பணத்தை நிறுத்துறது மிரட்டல்தான். மெடிக்கெய்டில் நடந்தது அது இல்லை, அதே திட்டத்தில் இன்னும் கொஞ்சம் ஏழைகளைச் சேர்த்தாங்க. 1980-களில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் இப்படித்தான் சேர்த்தாங்க, மாநிலங்கள் ஏத்துக்கிட்டுத்தான் நடத்தின. திட்டத்தை மாத்தவும் திருத்தவும் நாடாளுமன்றத்துக்கு உரிமை உண்டுன்னு முதல் நாளிலிருந்து சட்டத்திலேயே இருக்கு. கின்ஸ்பர்க் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். இது புதுத் திட்டம்னு ஏழு பேர் முடிவு பண்ணாங்க. அந்த ஒரு முடிவில்தான் எல்லாம் தொங்குது.

சரி, அதனால யாருக்கு என்ன ஆச்சு?

சட்டம் எழுதினவங்க, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிறவங்க எல்லாரும் மெடிக்கெய்டுக்குள் வந்துடுவாங்க என்று நம்பினாங்க. அதனால தனியார் இன்சூரன்ஸ் வாங்க அரசு தரும் மானியத்தை வறுமைக்கோட்டுக்கு மேலேதான் ஆரம்பிச்சாங்க. கோர்ட் கீழ்ப்படியை உருவிடுச்சு, மேல்படி அப்படியே இருக்கு.

2024-ல் தனி நபருக்கு வறுமைக்கோடு 15,060 டாலர். டெக்சாஸில் ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிற 50 வயசு ஆள், குழந்தை இல்லை, வருஷம் 16,000 டாலர் வருமானம் என்று வைங்க. மானியத்தோட இன்சூரன்ஸ் கிடைக்கும். அதே ஆளுக்கு ஷிஃப்ட் குறைஞ்சு வருமானம் 12,000 ஆச்சுன்னா மானியம் கிடையாது. மெடிக்கெய்டும் கிடையாது. இன்னும் ஏழை ஆனதால் உதவி பறிபோகிறது. எந்த நாடாளுமன்றமும் இப்படி ஒரு விதியை எழுதலை. ஒரு சட்டத்தைப் பாதியா வெட்டினதில் விழுந்த பள்ளம் இது.

அந்த ஆளுக்குச் சர்க்கரை நோய் இருக்குன்னு வைங்க. மாத்திரை மலிவுதான், எப்படியோ வாங்கிடுவார். ஆனா வருஷம் ஒருதடவை கண் பார்க்கணும், கிட்னி பார்க்கணும், பாதத்தைத் தொட்டுப் பார்க்க ஒரு டாக்டர் வேணும். இன்சுலின் தேவைப்பட்டா டோஸ் பார்த்து மாத்த ஆள் வேணும். இது எதுவுமே "அவசரம்" இல்லை, அதனால 1986 சட்டம் உதவாது. சர்க்கரை 600-க்குப் போய், மூச்சு வாங்கி, மயங்கி விழுந்தாதான் கதவு திறக்கும். உள்ளே டிரிப்ஸ் ஏத்தி, இன்சுலின் போட்டு, சரியானதும் அனுப்பிடுவாங்க. கையில் ஒரு சீட்டு, "உங்க டாக்டரைப் பாருங்க"ன்னு எழுதியிருக்கும். எந்த டாக்டரை?

இப்படியே போய் அவர் கிட்னி செயலிழந்தா என்ன ஆகும் தெரியுமா? 1972-ல் வந்த சட்டப்படி, போதிய வருஷம் வேலை பார்த்திருந்தா, எந்த வயதிலும் டயாலிசிஸுக்கு மெடிகேர் உண்டு! கிட்னியைக் காப்பாத்த அரசாங்கத்திடம் பணம் இல்லை, கிட்னி போனப்புறம் இருக்கு. மருத்துவம் படிச்ச எவனுக்கும் இதைக் கேட்டா வயிறு எரியும்.

மெடிக்கெய்டால் உயிர் பிழைக்குமா, அது வெறும் அட்டைதானேன்னு கேட்பவங்களுக்கு: மில்லர், ஜான்சன், வெரி என்ற ஆய்வாளர்கள் தனித்தனி நபர்களின் வருமான விவரத்தை இறப்புப் பதிவுகளோடு இணைச்சுப் பார்த்தாங்க. 55 முதல் 64 வயது வரை உள்ள ஏழைகள். விரிவாக்கத்தில் சேராத மாநிலங்கள் சேர்ந்திருந்தா, முதல் நான்கு வருஷத்தில் மட்டும் சுமார் 15,600 சாவுகளைத் தவிர்த்திருக்கலாம் என்று கணக்கு வந்தது. ஒரே ஒரு வயதுப் பிரிவு. நாலே வருஷம்.

இன்னொரு விஷயம் சொன்னா நம்ப மாட்டீங்க. அமெரிக்க அரசியல் சாசனப்படி மருத்துவம் பெறும் உரிமையை உச்ச நீதிமன்றம் தெளிவா ஒப்புக்கொண்ட ஒரு கூட்டம் இருக்கு. கைதிகள். 1976-ல் எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில், சிறையில் இருப்பவரின் மருத்துவத் தேவையைத் தெரிஞ்சே அலட்சியப்படுத்துவது கொடூரத் தண்டனை என்று சொன்னாங்க. அந்த வழக்கு வந்தது டெக்சாஸ் சிறையிலிருந்து. அதே டெக்சாஸில் அந்தச் சமையல்காரர் ஜெயிலுக்குப் போனா அவர் பாதத்தைப் பார்க்க டாக்டர் வருவார். ஒழுங்கா உழைச்சுக்கிட்டு வெளியே இருந்தா வர மாட்டார். (நம்ம உச்ச நீதிமன்றம் 1996-லேயே, அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது 21-வது பிரிவை மீறுவதுன்னு மேற்கு வங்க வழக்கில் சொல்லிடுச்சு. நடைமுறை எப்படின்னு இன்னொரு நாள் திட்டலாம்.)

2012-க்கு அப்புறமும் விடலை. 2015-ல், "மாநிலம் அமைத்த சந்தை" என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கு, மத்திய அரசு அமைத்த சந்தையில் வாங்கினவங்களுக்கு மானியம் கிடையாது என்று ஒரு வழக்கு. 34 மாநில மக்களின் இன்சூரன்ஸ் ஒரு வார்த்தையில் தொங்குச்சு. 6-க்கு 3-ல் தப்பிச்சுது.

2017-ல் நாடாளுமன்றத்தில் ரத்து பண்ணப் பார்த்தாங்க, ஜான் மெக்கெய்ன் கட்டை விரலைக் கீழே காட்டினார், முடியலை. அதே வருஷக் கடைசியில் அபராதத்தைப் பூஜ்யம் டாலர் ஆக்கினாங்க. உடனே டெக்சாஸ் கிளம்பிடுச்சு. பூஜ்யம் வசூலிச்சா அது வரி இல்லை, வரி இல்லைன்னா செல்லாது, அது செல்லாதுன்னா சட்டம் மொத்தமும் செல்லாது! 2018 டிசம்பரில் ரீட் ஓ'கானர் என்ற டெக்சாஸ் நீதிபதி ஆமாம்னு தீர்ப்பே கொடுத்துட்டார். ட்ரம்ப் அரசு தன் நாட்டுச் சட்டத்தைத் தானே எதிர்த்து நின்னுச்சு. உச்ச நீதிமன்ற விசாரணை நடந்தது 2020 நவம்பர் 10, கோவிட் உச்சத்தில். 2021 ஜூனில் 7-க்கு 2: உங்களுக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை, வழக்குப் போடவே தகுதி இல்லை, போங்க.

"பார்த்தீங்களா, அபராதம் இல்லாமலே சந்தை ஓடுதே, அப்ப கட்டாயம் எதுக்கு?" என்று இப்ப கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். நினைச்ச அளவுக்குச் சந்தை சரியலை, ஏன்னா மானியம் பெரும்பாலானவங்க பிரீமியத்தைத் தாங்கிப் பிடிச்சுது. அப்போ ப்ரோக்கலி வாதம் இன்னும் அசிங்கமாகுது. நாடே அடிச்சுக்கிட்ட பகுதி போனதில் பெரிய சேதமில்லை. யாரும் பார்க்காத மெடிக்கெய்டு பகுதி போனதில் ஆயிரக்கணக்கில் பிணம்.

2025 ஜூனில் கடைசியா ஒண்ணு. குடல் புற்றுநோய் பரிசோதனை, எச்ஐவி தடுப்பு மருந்து மாதிரி சிலதை நோயாளியிடம் காசு வாங்காம கொடுக்கணும்னு சட்டம் சொல்லுது. எதையெல்லாம் என்று பரிந்துரைப்பது ஒரு நிபுணர் குழு. அந்தக் குழுவை நியமித்த முறையே அரசியல் சாசனப்படி தப்புன்னு வழக்கு. கீழ்க் கோர்ட்டில் மறுபடியும் அதே ஓ'கானர். உச்ச நீதிமன்றம் 6-க்கு 3-ல் தள்ளுபடி பண்ணிச்சு, ஆனா சொன்ன காரணத்தைப் பாருங்க. சுகாதார அமைச்சர் அந்த நிபுணர்களை நினைச்சா நீக்கலாம், பரிந்துரையை நிறுத்தி வைக்கலாம், அவருக்குக் கீழ்ப்பட்டவங்கதான், அதனால நியமனம் செல்லும். அப்போது அமைச்சர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர். தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 பேரையும் அதே மாதம் ஒரே அடியாக வீட்டுக்கு அனுப்பியவர். வழக்கில் ஜெயிச்சோம்னு கைதட்ட எனக்குக் கை வரலை.

மெடிக்கெய்டு கதை என்ன ஆச்சுன்னா, அரசியல்வாதிகள் மறுத்த இடங்களில் மக்களே வாக்கெடுப்புக் கொண்டு வந்தாங்க. 2017-ல் மெய்ன், 2018-ல் ஐடஹோ, நெப்ராஸ்கா, யூட்டா, 2020-ல் ஓக்லஹோமா, மிசௌரி, 2022-ல் தெற்கு டகோட்டா. பெரும்பாலும் ட்ரம்ப் ஜெயிக்கிற மாநிலங்கள் இவை. மிசௌரியில் மக்கள் ஓட்டுப் போட்ட பிறகும் சட்டமன்றம் பணம் ஒதுக்க மாட்டேன்னுச்சு, அந்த மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் நடந்தது.

இன்னும் 10 மாநிலங்கள் சேரலை. டெக்சாஸ், ஜார்ஜியா, அலபாமா, டென்னசி, தெற்கு கரோலினா இதில் அடக்கம். இங்கெல்லாம் மக்கள் கையெழுத்து வாங்கி நேரா வாக்கெடுப்புக்குக் கொண்டு போற வழியே சட்டத்தில் இல்லை. அந்தச் சமையல்காரர் சட்டமன்றத்தைத்தான் நம்பி இருக்கணும், அவருக்காகப் பேசறேன்னு 2010-ல் கோர்ட்டுக்குப் போனதும் அதே மாநில அரசுதான்.